மேலிருந்து எடுத்த படத்தில் நிலாப் பள்ளத்தின் ஆழம் எப்படித் தெரிகிறது?

நேர் மேலிருந்து பார்த்தால் பள்ளம் வெறும் வட்டம்தானே? 100 கி.மீ. உயரத்தில் சுற்றும் சந்திரயான்-2 அதன் ஆழத்தை எப்படி அறிகிறது?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். சாலையோரத் தென்னைகள் சட்டென்று பின்னால் ஓடும்; மேற்குத் தொடர்ச்சி மலையோ அசைவேனா என்று நிற்கும். கிட்ட இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது கொஞ்சம்.

அங்கேயும் இதே கணக்குதான். சந்திரயானின் கேமரா ஒரே இடத்தை முன்சாய்வாக, நேராக, பின்சாய்வாக மூன்று முறை படமெடுக்கிறது. அவற்றை ஒப்பிட்டால், கேமராவுக்குக் கிட்டே உள்ள விளிம்பு அதிகம் இடம் மாறியிருக்கும், அடித்தளம் குறைவாக. அந்த வித்தியாசத்திலிருந்து ஆழம் கிடைத்துவிடும்.

சந்திரயான்-2 என்றாலே 2019இல் அதன் லேண்டர் நிலாவில் விழுந்ததையே பேசுகிறோம். இந்தக் கேமராவோ 2020 ஜூலையில், இந்திய விண்வெளி முன்னோடி விக்ரம் சாராபாய் பெயர்கொண்ட நிலாப் பள்ளத்தைப் படமெடுத்தது. ஆழம் சுமார் 1.7 கி.மீ.; சுவர்களின் சரிவு 25 முதல் 35 டிகிரி.