'ஜே' என்று வந்த புன்னகை

மாதவரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் திருமண அழைப்பிதழ் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் அழகான தமிழ் தெரிகிறது. மணமகளின் அண்ணன் அந்த வாசகத்தை நகலெடுத்து உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். போய்ச் சேர்வதோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கணிப்பொறியில் கோளாறு எதுவுமில்லை. அது சொன்னபடியே செய்திருக்கிறது.

பழைய அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் முன் இருக்கும் எழுத்துப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பல அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. கணிப்பொறி எழுத்தை அனுப்புவதில்லை. அறை எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆஸ்கி என்ற அமெரிக்கத் தரப்படி 74-ஆம் அறை பெரிய 'ஜே', 106-ஆம் அறை சிறிய 'ஜே'. மொத்தம் 128 அறைகள். தமிழுக்கு அவற்றில் இடமே இல்லை.

இடமில்லை என்றால் என்ன செய்வது? அறைகளின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அச்சை மட்டும் மாற்றிவிடலாமே! விங்டிங்ஸ் என்னும் குறியீட்டு எழுத்துரு இதைத்தான் செய்தது. 1992-இல் விண்டோஸ் 3.1 உடன் வந்த அதில் 74-ஆம் அறையில் இருப்பது சிரித்த முகம். பாமினி போன்ற தமிழ் எழுத்துருக்களும் இதே உபாயத்தைக் கையாண்டன. பாமினியில் 106-ஆம் அறையில் 'த' இருக்கிறது. ஆக, கணிப்பொறியின் கண்ணுக்கு நம் தமிழும் விங்டிங்ஸ் பொம்மையும் ஒரே இனம். இரண்டுமே வேடமிட்ட ஆங்கில எழுத்துகள்.

வேடம் நிலைக்க வேண்டுமானால், எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதையும் செய்தியோடு சொல்லியனுப்ப வேண்டும். எச்.டி.எம்.எல். அதற்கு உதவியது. கோணக் குறிகளுக்குள் எழுத்துருவின் பெயரை எழுதி, அடுத்து 'ஜே' என்று தட்டினால், பெறுபவர் திரையில் முகம் சிரிக்கும். ஆனால் அந்தப் பெட்டி அவரிடமும் இருந்தாக வேண்டும். குறிகளை மதிக்கும் மென்பொருளும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டியவர்களுக்கு அது தானாகவே விங்டிங்ஸ் முகமாக மாறியது. வேறு மென்பொருளில் அஞ்சலைத் திறந்தவர்களோ வாக்கியத்தின் முடிவில் தனியாக நிற்கும் 'ஜே'யைக் கண்டு, அது யாருடைய முதலெழுத்தோ என்று விழித்தனர்! வாட்ஸப் எழுத்துருவின் பெயரைச் சுமந்து செல்வதில்லை. சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் தடித்த எழுத்து, அடிக்கோடு இட்டால் சாய்வெழுத்து என்ற சிறு அலங்காரங்களோடு அது நின்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வாக வந்தது யூனிகோட். 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி அறைகள் கிடைத்தன. அங்கே 'த'வின் எண் 2980. சிரித்த முகத்திற்கு 9786. இனி யாரும் யாருடைய அறையிலும் ஒண்டுக்குடித்தனம் செய்ய வேண்டியதில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு டாம், டாப் என்ற எழுத்துருத் தரங்களை வகுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அதற்கு முழு ஆதரவு இல்லாத இடங்களுக்கு டேஸ்16 என்ற முறையையும் ஏற்றது.

ஆயினும் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அழைப்பிதழ் போனால் போகட்டும். ஊர்க் கோயிலின் வரலாறு, ஒருவர் தட்டெழுதி வைத்த தாத்தாவின் நாட்குறிப்பு இவையும் அவற்றில் இருக்கலாம். தமிழில் தேடினால் இவை அகப்படா. எண்ணுக்கு எண் மாற்றிப் போட்டாலும் போதாது. 'கொ' என்பதை பாமினி கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும். யூனிகோடோ 'க'வை முதலில் வைத்து, ஒலிக்குறியைப் பின்னால் சேர்க்கும். மாற்றி மென்பொருள் இந்த வரிசையையும் திருப்ப வேண்டும். அதற்கு முதலில் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். அதனால்தான் பழைய குறுந்தகடு எதையாவது எடுத்தால், கோப்போடு எழுத்துருவின் பெயரையும் ஒரு தாளில் குறித்து உறைக்குள் போட்டுவிடுங்கள் என்கிறேன்.