புனிதர்களின் பரிந்துரையும் மருத்துவரின் மருந்தும்

நோயாளியின் தலையணையருகே ஒரு செபமாலையோ, வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் சிறு படமோ, அந்தோணியார் பதக்கமோ இருப்பதை எங்கள் வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம். கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் வருவோரில் பல சமயத்தாரும் உளர். புனிதர்களிடம் வேண்டுவதன் பொருள் யாது, வேண்டிக்கொண்டபின் மருந்து எதற்கு என்னும் இரு வினாக்கள் அவர்களிடையே எழுவதுண்டு. கத்தோலிக்கத் திருச்சபை அவற்றுக்குத் தரும் விடையை இங்கே எடுத்துரைக்கிறோம்.

ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்கு உரியது வணக்கம் மட்டுமே. மன்றாட்டுமாலையைக் கவனித்தால் இவ்வேறுபாடு விளங்கும். கடவுளிடம் இரக்கம் கேட்கிறோம். புனிதரிடமோ நமக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்கிறோம். நலம் தருபவர் கடவுளே. அறுவைச் சிகிச்சைக்கு முன் உறவினரிடம் ‘எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதில்லையா? இறந்தபின்னும் அவ்வுறவு அறுபடுவதில்லை என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. இதனையே ‘புனிதர்களின் சமூக உறவு’ என்பர்.

இந்நம்பிக்கை மருத்துவத்துக்கு எதிரானதன்று. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயுற்றவர் இறைவனிடம் மன்றாடவேண்டும் என்றும், மருத்துவருக்கும் இடந்தர வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. நற்செய்தியாளரான புனித லூக்காவே ஒரு மருத்துவர்.

குணமடைந்ததாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் திருச்சபை புதுமையென ஏற்பதுமில்லை. பிரான்சு நாட்டின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்து வருகிறது. பதிவான நிகழ்வுகள் ஏழாயிரத்துக்கும் மேல். புதுமையென ஏற்கப்பட்டவை எழுபதைச் சற்றே கடந்தவை. நம் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட ஒரு நிகழ்வும் ஆராயப்பட்டே ஏற்கப்பட்டது.

வேண்டிய அனைவரும் குணமடைவதில்லை. அது நம்பிக்கைக் குறைவால் வந்தது என்று நோயாளியையோ குடும்பத்தாரையோ எவரும் குற்றம் சாட்டலாகாது. நமக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கினார். அச்சூசையப்பரை நல்மரணத்தின் பாதுகாவலராகவும் கத்தோலிக்கர் போற்றுகின்றனர். நோய் நீங்காவிடினும் அமைதியும் துணையும் வேண்டிக் கேட்கலாம் என்பதே இதன் பொருள்.

குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள்:

நேர்ந்துகொண்டதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். நீரிழிவு உடையோர் உபவாசம் இருக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமோ முடிகாணிக்கையோ நேர்ந்திருந்தால், காயம் ஆறி உடல் தேறும்வரை தள்ளிவையுங்கள். நேர்த்திக்கடனைத் தள்ளிவைக்கவும் மாற்றிக்கொள்ளவும் திருச்சபையில் வழியுண்டு, பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

திருத்தலத்து எண்ணெயையும் தீர்த்தத்தையும் தையல் போட்ட இடத்தில் இடாதீர்கள். படுக்கையருகே மெழுகுதிரி ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு சிறு சுடரும் பெருந்தீயாகும். செபமாலையும் படமும் தாராளமாக இருக்கட்டும்.

‘நோயில் பூசுதல்’ என்னும் அருளடையாளம் இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. கடும் நோயுற்றோரும் பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோரும் பெறலாம். குருவானவர் வந்தாலே முடிவு நெருங்கிவிட்டது என்று அஞ்சவேண்டாம். அழைக்க விரும்பினால் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

மருந்து வேளையும் செப வேளையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் தவறாது கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.