உருண்டை உருட்டும் உழவர்

உருண்டை என்றதும், முத்துக்குளித்துறையைச் சேர்ந்த வேம்பார்க்காரர்களாகிய நமக்குக் கடலடியில் விளையும் முத்துதான் நினைவுக்கு வரும். தரையிலும் ஓர் உருண்டை உண்டு. அதைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம். சாணி வண்டு உருட்டிச் செல்லும் சாண உருண்டையே அது. அதன் அருமையை அறிந்தால் அவ்வாறு செய்யமாட்டோம், தோழியரே!

சாணி வண்டுகள் மூன்று வகைப்படும். சில, சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும். சில, சாணத்தின் அடியில் வளை தோண்டி, அதைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டுசெல்லும். சில, அதை உருண்டையாக்கி, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டே பின்னோக்கி நடக்கும். நம் நாட்டிலுள்ள ஜிம்னோப்ளூரஸ், அமெரிக்கக் கண்டங்களிலுள்ள காந்தான் ஆகிய பேரினங்கள் இந்த உருட்டும் வகையைச் சேர்ந்தவை. மண்ணுள் புதைத்த உருண்டையில் தாய் வண்டு முட்டையிடும். வெளிவரும் புழுவுக்கு வீடும் அதுவே, உணவும் அதுவே!

தென்னாப்பிரிக்காவில் இரவில் உருட்டும் ஒரு வகை வண்டு, பால்வீதியின் ஒளியைக் கொண்டே நேர்வழி செல்கிறது என்பதைச் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக அறிவியலார் 2013ஆம் ஆண்டு வெளியிட்டனர். என்னே விந்தை!

இவ்வண்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியா விடை கூறுகிறது. 1788இல் ஆங்கிலேயர் அங்கு மாடுகளைக் கொண்டு சென்றனர். அந்நாட்டு வண்டுகளோ கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை; மாட்டுச் சாணத்தை அவை பெரும்பாலும் தீண்டவில்லை. சாணம் மாதக்கணக்கில் கிடந்து புல்லை மூடியது, ஈக்கள் பெருகின. ஹங்கேரியில் பிறந்த போர்னமிஸ்ஸா என்னும் அறிஞரின் முயற்சியால், 1968 முதல் ஆப்பிரிக்கா முதலிய இடங்களின் வண்டினங்கள் அங்கே விடப்பட்டன. நாம் மிதித்துச் செல்லும் வண்டை ஒரு நாடு கண்டம் கடந்து தேடிச் சென்றது!

நம் விளாத்திகுளம் வட்டாரத்து உழவர்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவது எதற்கு? எருவுக்காகத்தானே! எரு மேலே கிடந்து காய்ந்தால், அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வண்டோ கூலி வாங்காமல் அதை மண்ணுள் சேர்க்கிறது. அது தோண்டிய வளை வழியே மழைநீரும் காற்றும் உள்ளே செல்கின்றன.

ஆனால், குடற்புழு நீக்கக் கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தில் தங்கி, வண்டின் புழுக்களையும் கொல்கின்றன. ஆகவே, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலும் காலத்திலும் மட்டுமே மருந்து கொடுக்குமாறு நம் வீட்டுப் பெரியோரிடம் எடுத்துச் சொல்வோம். உருண்டையோடு எதிர்ப்படும் வண்டுக்கு ஒதுங்கி வழிவிடுவோம்.