நான்காவது பெயரைத் தேடி

ஓய்வு பெற்ற பிறகு குடும்ப வரலாற்றைத் தேடக் கிளம்பும் சித்தூர், திருப்பதி தமிழர்களுக்கு எல்லைக் கோடுகளும் பஞ்சாங்கமும் வைக்கும் பரீட்சை

1911 ஏப்ரல் 1-க்கு முன் சித்தூர் என்று ஒரு மாவட்டமே கிடையாது. சித்தூர் நகரம் இருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரே அதுதான். வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் எடுத்து, சில ஜமீன் பகுதிகளையும் சேர்த்துப் பிரிட்டிஷ் அரசு உருவாக்கியதுதான் சித்தூர் மாவட்டம். உத்தியோகத்தில் இருந்தவரை யாருக்கும் தேவைப்படாத இந்தத் தகவல், பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு சிலருக்கு முக்கியமாகிவிடுகிறது. கொள்ளுத் தாத்தா எந்த ஊர்க்காரர், நிலம் யார் கைக்குப் போனது, குடும்பம் எப்போது இங்கே வந்தது என்று தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

ஆந்திரத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2022-ல் 60-லிருந்து 62 ஆனது. அந்த வயதில் ஒருவர் தேடத் தொடங்கும்போது, அவருடைய அம்மாவோ அத்தையோ உயிருடன் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க நேரம் கிடைக்கும்போது, பதில் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அதனால் காலை நடை, காபி, பேப்பர் என்று மெதுவாக நகரும் ஓய்வுக்கால நாளில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவசரம் இருக்கிறது.

தேடல் பெரும்பாலும் வீட்டுப் பரணில்தான் தொடங்குகிறது. பழைய டிரங்குப் பெட்டியில் ஜாதகக் கட்டு, கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, திதி குறித்து வைத்த நோட்டு ஆகியவை கிடைக்கும். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும்: அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. அதற்கு மேல் சடங்கே கேட்பதில்லை. நான்காவது பெயர் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இன்னொரு சிக்கல். ராமசாமி மகன் கோவிந்தசாமி, அவர் மகன் ராமசாமி என்று வரிசை போகும்போது, பத்திரத்தில் இருப்பது எந்த ராமசாமி என்பதை வருஷத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்த வருஷமும் எளிதில் பிடிபடுவதில்லை. ஜாதகத்தில் ‘விரோதி வருஷம்’ என்று இருந்தால் அது 1889-90 ஆகவும் இருக்கலாம், 1949-50 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எல்லைப் பகுதியில் கூடுதலாக ஒரு குழப்பம்: தெலுங்குப் பஞ்சாங்கத்தில் வருஷம் யுகாதியன்று மாறுகிறது, தமிழ்ப் பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் தேதி மாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் பிறந்த குழந்தைக்குத் தெலுங்கு ஜோசியர் புது வருஷத்தின் பெயரை எழுதியிருப்பார். தமிழ் ஜோசியர் பழைய வருஷத்தின் பெயரை எழுதியிருப்பார். இருவர் எழுதியதும் சரிதான். வருவாய்த் துறைக் கணக்கோ பசலியில் ஓடும். 1310-ம் பசலி என்றால் 1900-01. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைத்துவிடும்.

தேதிக் குழப்பம் சாதாரணக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதல்ல. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் அவரது பிறந்த நாள் 1888 செப்டம்பர் 5. ஆனால் 1887 செப்டம்பர் 20 என்பதே சரி என்று அவர் நம்பினார் என, அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. குடும்பப் பெயரில் இருக்கும் சர்வபள்ளியோ நெல்லூர் மாவட்டத்துக் கிராமம். முன்னோர் புறப்பட்ட ஊரை அந்தப் பெயர் விடாமல் சுமந்துகொண்டிருக்கிறது.

அதே திருத்தணி, தேடுகிறவர்களுக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. 1911 வரை அது வட ஆற்காடு மாவட்டம். பிறகு சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம். சத்தியவேடு பகுதி எதிர்த்திசையில் ஆந்திரத்துக்குப் போனது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் காகிதங்கள்தான் ஊர் ஊராக அலைந்தன. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களை மறுபடி பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமானது. மதனபள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. எனவே எந்த ஆண்டின் ஆவணம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்த பிறகே பஸ் ஏறுவது நல்லது. சித்தூரில் கிடைக்காதது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

கர்ணம் வீட்டுக் கணக்கும் ஒரு காலத்தில் பெரிய ஆதாரமாக இருந்தது. 1984 ஜனவரியில் என்.டி. ராமராவ் அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. எந்த வயல் எந்தக் குடும்பத்திடமிருந்து எந்தக் குடும்பத்துக்குப் போனது என்பதை நினைவிலிருந்தே சொல்லக்கூடிய ஒரு தலைமுறையும் அத்தோடு ஓய்வு பெற்றது.

இன்றைக்குப் பலருக்கும் கைகொடுப்பது சார்பதிவாளர் அலுவலகம். ஆந்திரத்தில் 1983-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்கள் கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அகராதியையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் வரிசையில் ஒன்று, சொத்து வரிசையில் ஒன்று என்று அகராதிகள் உண்டு. உயில்கள் பதிவாகும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை மற்றவர்களுக்கு நகல் கிடையாது. இறந்த பிறகு கேட்பவர் எவருக்கும் உண்டு. பதினைந்து வருஷம் தேடியும் கிடைக்காத மருமக்கள், பேத்திகள் பெயரெல்லாம் ஒரே ஒரு பாகப் பத்திரத்தில் வரிசையாகக் கிடைத்துவிடுவதும் உண்டு.

பத்திரம் கிடைத்தாலும் படிக்கத் தெரிய வேண்டும். பழைய தமிழ்க் கையெழுத்தில் புள்ளி இருக்காது. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. தொகையும் தேதியும் தமிழ் எண்களில் இருக்கும். இடையிடையே கிரந்த எழுத்து வரும். சித்தூர், திருப்பதி தமிழ்க் குடும்பங்களில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே படித்து வளரும் பிள்ளைகள் பலர். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. இதைப் படித்துச் சொல்லக் கடைசியாக மிஞ்சியிருப்பவர் தாத்தாவோ பாட்டியோதான். அவர் படித்து, தேதி போட்டு, தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைக்காவிட்டால் பெட்டி இருக்கும், பேச்சு இருக்காது.

எழுதி வைத்ததன் பலனுக்கு அத்தாட்சி திருப்பதியிலேயே இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்க அன்னமாச்சார்யரைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவருடைய பேரன் சின்னண்ணா தெலுங்கில் எழுதிய வரலாற்றிலிருந்து வந்ததுதான். வேட்டூரி பிரபாகர சாஸ்திரி அதை 1949-ல் பதிப்பித்தார். தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதியது நானூறு வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. பெண்களின் பெயரைக் குடும்பம் மறந்தாலும் கல் மறப்பதில்லை என்பதற்கும் திருமலையில் உதாரணம் உண்டு: கோயிலுக்கு வெள்ளித் திருமேனி வழங்கிய பல்லவ அரசி சாமவையின் பெயர் இன்றும் கல்வெட்டில் நிற்கிறது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பில் 1930-களில் தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்ட கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் அதிகம். பெரும்பாலானவை தமிழில் உள்ளன. ஆனால் கல்வெட்டில் தங்கள் பெயர் தென்பட்டதும் அவர் நம் முன்னோர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இடையில் உள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் வேண்டும்.

தேடல் எதிர்ப்புறத்திலிருந்தும் வருகிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய இந்தியர்கள் 1,52,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காட்டுக்காரர்கள் அவர்களில் கணிசம். கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை குறிக்கப்பட்டன. ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே ஊர் தேடி வருகிறார்கள். ‘வட ஆற்காடு, சித்தூர்’ என்று பட்டியலில் இருந்தால் அது இன்றைய ஆந்திரம் என்பதே அவர்களில் பலருக்குப் புதுச் செய்தி.

கிடைப்பதெல்லாம் பெருமையாகவும் இருப்பதில்லை. அடமானத்தில் மூழ்கிய நிலம், சொல்லாமல் விட்ட இரண்டாவது குடும்பம், ஸ்வீகாரம், மாற்றிக்கொண்ட ஜாதிப் பட்டம் என்று எதுவும் வெளிவரலாம். பாகம் கேட்கத்தான் பத்திரம் தேடுகிறார் என்று பங்காளிகள் சந்தேகப்படுவதும் உண்டு. அனுபவப்பட்டவர்கள் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது: கிடைத்த காகிதத்தின் நகலை எல்லாக் கிளைக்கும் கொடுத்துவிடுவது, கேள்விப்பட்டதையும் பத்திரத்தில் பார்த்ததையும் தனித்தனியாக எழுதுவது, உயிரோடிருப்பவர்களைப் பற்றியதை அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுவது.

செலவு என்று பார்த்தால் பஸ் டிக்கெட்டும் நகல் கட்டணமும்தான். தேவைப்படுவது பொறுமை, அது பென்ஷனோடு சேர்ந்து வருகிறது. சடங்கு மூன்று பெயரோடு நின்றுவிடுகிறது. நான்காவது பெயரைக் கண்டுபிடித்து நோட்டில் ஏற்றிய அன்று, அந்தக் குடும்பத்தின் வயது முப்பது வருஷம் கூடிவிடுகிறது.