இருட்டைப் பார்க்கக் கற்ற கேமரா

பழைய படங்களில் நடுராத்திரிக் காட்சி வந்தால் மரங்களின் மேலும் ஓட்டுக்கூரையின் மேலும் நீல வெளிச்சம் பளிச்சென்று விழும். நிலா வெளிச்சம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அது உயரத்தில் ஏற்றிவைத்த பெரிய விளக்கு. அது இல்லாவிட்டால் ஃபிலிமில் கறுப்பைத் தவிர எதுவும் பதிந்திருக்காது.

ஃபிலிம் காலத்தில் இருட்டைப் படம்பிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975) ஒன்றே போதும். 18-ஆம் நூற்றாண்டு மாளிகைக்குள் நடக்கும் சில காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாசாவின் விண்வெளிப் பணிக்காக ஸைஸ் நிறுவனம் செய்த, குறைந்த வெளிச்சத்தையும் ஏராளமாக உள்ளே விடும் எஃப் 0.7 லென்ஸைத் தேடி வாங்கினார். அதைப் பொருத்துவதற்குக் கேமராவையே அறுத்து மாற்ற வேண்டியிருந்தது. வெளிச்சம் போதுமானதாகிவிட்டது, ஃபோகஸ்தான் நூலிழை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். அந்தக் காட்சிகளில் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

29 ஆண்டுகள் கழித்து வந்தது மைக்கேல் மானின் 'கொலாட்டரல்' (2004). ஒரு டாக்சி டிரைவர், ஒரு கூலிக் கொலையாளி, லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இரவு. டியோன் பீபி, பால் கேமரன் இருவரும் ஒளிப்பதிவாளர்கள். படத்தின் பெரும்பகுதி தாம்சன் வைப்பர், சோனி ஆகிய டிஜிட்டல் கேமராக்களில் எடுக்கப்பட்டது. நகரத்தின் சோடியம் விளக்கு வெளிச்சம் தாழ்ந்த மேகத்தில் பட்டுத் திரும்பி, வானம் முழுக்கக் கலங்கலான ஆரஞ்சு நிறம் பரவியிருக்கும். அதன் முன்னால் பனைமர நிழல்கள். ஃபிலிம் தொலைத்துவிடும் வானம் அது. ஓரிடத்தில் கயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கு வெறிச்சோடிய சாலையைக் கடந்துபோகிறது. டாக்சியில் இருக்கும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால் ஃபோகஸின் ஆழம் அதிகம். குப்ரிக்குக்கு நேர் எதிர்நிலை: காருக்குள் முகமும் தெரிகிறது, ஜன்னலுக்கு வெளியே ஓடும் ஊரும் தெரிகிறது.

மின்வெட்டு இரவில் முதல் நிமிடம் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கதவு நிலை, பானை, தூங்குகிறவரின் தலை என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். டிஜிட்டல் சென்சாரும் ஏறக்குறைய அப்படித்தான். விழுந்த கொஞ்ச ஒளியை மின்னூட்டமாக எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும்போது கூடவே புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் ஏறும். 'கொலாட்டரல்' படத்தின் சில காட்சிகளில் அந்தப் புள்ளிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதனால் ஒளிப்பதிவாளரின் பயமே தலைகீழானது. நெகட்டிவ் ஃபிலிமில் நிழல் போய்விடுமோ என்று பயந்து ஒளியைச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பார்கள். வெளிச்சம் மிஞ்சினாலும் ஃபிலிம் தாங்கும். டிஜிட்டலில் பயம் வெளிச்சத்தின் மேல். உச்சிவெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் மடிப்பும் கரையும் அழிந்து வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

அதே 2004-இல் தமிழிலும் டிஜிட்டலில் எடுத்த படம் வந்தது: பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்'. இன்று ஃபிலிமில் எடுப்பதுதான் அபூர்வம்.

கேமராதான் இருட்டிலும் பார்க்கிறதே, லைட் எதற்கு, லைட்மேன் எதற்கு என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. 'டி.ஐ.யில் (எடுத்த காட்சியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் திருத்தும் வேலையில்) பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு அதைவிட மோசம். வெளிச்சமே விழாத முகத்தைக் கணினியில் தூக்கினால் மேலே வருவது இரைச்சல்தான். கண்ணின் ஈரம் வராது. எது சுவர், எது ஆள் என்று புரியாத இரவுக் காட்சிகள் இப்போது பெருகியிருப்பதற்கு இந்த அலட்சியம் ஒரு காரணம். 'கொலாட்டரல்' குழுவினர் தெருவிளக்கை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. காகிதம்போல் மெல்லிய ஒளித்தகடுகளை வெல்க்ரோ வைத்து டாக்சியின் உட்புறத்தில் ஒட்டி, முகத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுத்தார்கள். பார்க்கிறவருக்கு அது வெளியிலிருந்து வரும் ஊர் வெளிச்சமாகவே தோன்றும். கேமரா எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் அந்த அளவைத் தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் 2009 முதல் சுமார் 1,40,000 தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது. 'கொலாட்டரல்' படத்தில் இருக்கும் அந்த ஆரஞ்சு வானத்தை இனி அந்த ஊரில் எடுக்க முடியாது. படம் பார்க்கக் கிடைத்தால் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மொபைலில் வேண்டாம்.