மறுத்தால் பாவமா?

தீவகத்தின் சுருவில் கிராமத்தில் தாய்மார் சிலருடன் பிள்ளைகளின் போசாக்குப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பின்பு ஒரு சகோதரி மட்டும் நின்றார். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு நாலு பிள்ளையள். கடைசிப் பிள்ளை பிறக்கேக்கை ரத்தம் ஏத்தினவை. ரெண்டு வருசத்துக்குப் பிள்ளை வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இவர் கடலாலை வந்தா ஒண்டும் கேக்கமாட்டார். மருந்து பாவிப்பம் எண்டா, கோயில் கூடாதெண்டு சொல்லுது எண்டுறார். வேண்டாமெண்டா, பெண்சாதியின்ரை கடமை எண்டுறார். நான் மறுத்தா அது பாவமே அக்கா?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. திருமணத்துக்கு முந்திய வகுப்புகளில் இதைப்பற்றி ஓரிரு வார்த்தைகளே சொல்லப்படுகின்றன. முன்பு இதையெல்லாம் சொல்லித்தர அம்மம்மாவும் பெரியம்மாவும் அருகில் இருந்தார்கள். 1990இலும் 1991இலும் தீவகத்து மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது குடும்பங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்குமாகச் சிதறின. முகாம்களிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தம் உடலைப்பற்றி ஆறுதலாக இருந்து சொல்லித்தர யாருக்கு நேரம் இருந்தது? ஆகவே அந்தச் சகோதரியின் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வோம்.

திருச்சபை சொல்வது என்ன?

கத்தோலிக்கத் திருச்சபை மணவாழ்வின் உறவுக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு என்கின்றது. ஒன்று, கணவனும் மனைவியும் அன்பில் ஒன்றிணைதல். மற்றது, புதிய உயிருக்கு இடமளித்தல். இவ்விரண்டையும் மனிதர் வேண்டுமென்றே பிரிக்கக்கூடாது என்பதே 1968 யூலை 25ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட 'மனித உயிர்' (ஹுமானே வீத்தே) என்னும் சுற்றுமடலின் சாரம். இதனாலேயே மாத்திரை, ஊசி, லூப், கருத்தடைச் சத்திரசிகிச்சை போன்றவற்றைக் கருத்தடை நோக்கத்துடன் பயன்படுத்துவதைத் திருச்சபை ஏற்பதில்லை. கருக்கலைப்பை அது அறவே நிராகரிக்கின்றது. ஒரு நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்புத் தடைப்பட்டால் அச்சிகிச்சையைத் தடுப்பதில்லை.

இந்தப் போதனை இலகுவில் வந்ததல்ல. இதை ஆராயப் பாப்பரசர் அமைத்த ஆணைக்குழுவின் பெரும்பான்மையோர் 1966இல் மாற்றத்தைப் பரிந்துரைத்திருந்தனர். பாப்பரசர் அதை ஏற்கவில்லை. விசுவாசிகள் பலர் இன்றும் இதனோடு மனதுக்குள் போராடுகின்றனர். அப்படிப் போராடுகின்றவர் விசுவாசமற்றவர் என்று யாரும் நினைக்கக்கூடாது.

ஆனால் எமது ஊர்களில் இப்போதனையின் பாதிதான் கேட்கின்றது. மறுபாதி, பொறுப்புள்ள பெற்றோராக இருத்தல். அதே சுற்றுமடல், பெற்றோர் தம் உடல்நிலை, பொருளாதாரம், ஏற்கனவே உள்ள பிள்ளைகளின் நலன் ஆகியவற்றைக் கருதி, தக்க காரணம் இருந்தால் அடுத்த பிள்ளையைப் பிற்போடலாம் என்கின்றது. 1951 ஒக்டோபர் 29ஆம் திகதி இத்தாலிய மருத்துவமாதரிடம் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும், பாரதூரமான காரணம் இருப்பின் நீண்டகாலத்துக்குக்கூடப் பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கலாம் என்றும், அதற்கு இயற்கையான கருவளமற்ற நாட்களைப் பயன்படுத்தலாம் என்றும் கூறியிருந்தார்.

2015 தை மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கை வந்தபோது, 14ஆம் திகதி மடுத்திருப்பதியில் போரால் பாதிக்கப்பட்ட எமது குடும்பங்களைச் சந்தித்தார். அந்தப் பயணத்தின் முடிவில், பிலிப்பைன்சிலிருந்து உரோமைக்குத் திரும்பும் விமானத்தில், நல்ல கத்தோலிக்கராக இருப்பதற்கு முயல்களைப்போலப் பிள்ளை பெறவேண்டும் என்று எண்ணுவது தவறு என்றும், பொறுப்புள்ள பெற்றோராக இருப்பதே வேண்டியது என்றும் வெளிப்படையாகவே சொன்னார்.

'கடமை' என்ற சொல்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். மணவாழ்வின் கடமையைப்பற்றிப் பேசுவோர் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். மனைவியின் உடல்மீது கணவனுக்கு உரிமை உண்டு என்பது அங்கே உள்ளது, உண்மைதான். ஆனால் கணவனின் உடல்மீது மனைவிக்கும் அதே உரிமை உண்டு என்பதும் அதே வசனத்திலேயே உள்ளது. விலகியிருப்பதென்றாலும் இருவரின் சம்மதத்தோடு இருக்கவேண்டும் என்று அடுத்த வசனம் சொல்கின்றது. அதை வாசித்தவர்கள் ஏன் ஒரு பக்கத்தை மட்டும் எமக்குச் சொன்னார்கள்?

1968ஆம் ஆண்டின் சுற்றுமடல் இன்னும் தெளிவானது. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பொருட்படுத்தாது திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல, அது ஒழுக்க நெறிக்கே முரணானது என்று அதன் 13ஆம் பந்தி கூறுகின்றது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையின் 154ஆம் பந்தி இதையே மீண்டும் எடுத்துச் சொல்கின்றது.

ஆகவே சகோதரி, உடல் தேறாத நிலையில் நீங்கள் மறுப்பது பாவமல்ல. வற்புறுத்துவதே குற்றம். மருந்து கூடாது என்பதற்குக் கோயிலைக் காட்டும் கணவன், பொறுத்திருக்கவேண்டும் என்பதற்கும் அதே கோயிலைக் கேட்கவேண்டும்.

இயற்கை முறை

கருத்தரிக்கக்கூடிய நாட்களை அறிந்து அந்நாட்களில் விலகியிருப்பதே திருச்சபை ஏற்கும் முறை. பெண்ணின் முட்டை சூலகத்திலிருந்து வெளிவந்தபின் 12 முதல் 24 மணித்தியாலம் வரையே உயிரோடிருக்கும். ஆணின் விந்து பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கலாம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு முட்டை வெளிவருகின்றது. அந்நாட்களை அண்டி வெள்ளை நீர் தெளிவாகவும் முட்டை வெண்கருவைப்போல இழுபடுவதாகவும் இருக்கும். இதைக் கவனித்து நாட்களை அறியும் முறையை அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 1950களில் வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் ஆராயத் தொடங்கினார். பின்பு அவருடைய மனைவி வைத்தியர் எவ்லின் பில்லிங்சும் சேர்ந்து அதை உலகெங்கும் பரப்பினார்.

குழந்தைக்கு 6 மாதம் நிறையாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும், மாதவிடாய் திரும்ப வராமலும் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இம்மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்பமுடியாது.

இதன் குறையையும் மறைக்கக்கூடாது. இம்முறைகளைக் கையாளும் 100 பெண்களில் ஒரு வருடத்துக்குள் 2 முதல் 23 பேர்வரை கருத்தரிக்கின்றனர். எந்த முறை, எவ்வளவு கவனம் என்பதைப் பொறுத்து இது வேறுபடும். மனக்கவலை, நோய், போசாக்கின்மை என்பன மாதவிடாயைக் குழப்பிவிடும். போரைக் கண்ட பெண்களில் பலருக்கு இது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது இருவர் சேர்ந்து செய்யும் முறை. குடித்துவிட்டு வந்து பொறுக்கமாட்டேன் என்னும் கணவனோடு எந்த நாட்காட்டியும் பயன்தராது. அப்படியான வீட்டில் கருத்தரித்தால் பழி பெண்ணின்மேல் விழுகின்றது. அது நியாயமல்ல.

வெளியிலிருந்து வரும் வற்புறுத்தல்

வற்புறுத்தல் வீட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. 2013 ஆகஸ்ட் 31ஆம் திகதி கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களின் தாய்மார், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்டு, போதிய விளக்கமின்றித் தமது கைத்தோலின் அடியில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாக முறையிட்டனர். வற்புறுத்தல் எதுவும் இல்லை என்று அதிகாரிகள் மறுத்தனர். எனினும் அத்தாய்மாரின் குரல் எம் காதில் நிற்கவேண்டும். கருத்தடையை அரசு எவர்மீதும் திணிப்பதைத் திருச்சபையும் கண்டிக்கின்றது.

மறுபுறம், போரில் இவ்வளவு பேரை இழந்துவிட்டோம், ஆகவே பெண்கள் நிறையப் பெறவேண்டும் என்று சொல்வோரும் உண்டு. இழப்பின் வேதனை எமக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தை கணக்கைச் சரிக்கட்ட வருவதல்ல. இரத்தம் குறைந்த தாயின் உடலைக் கேளாமல் பேசப்படும் இரண்டு பேச்சும் ஒன்றுதான்.

செய்யக்கூடியவை

• வைத்தியர் அறிவுரை சொல்லும் கிளினிக்குக்கு முடிந்தால் கணவனையும் கூட்டிச்செல்லுங்கள். வைத்தியரின் வாயால் கேட்பது வேறு.

• ஊசியோ குச்சியோ லூப்போ, அது என்ன, எத்தனை காலம், எப்படி அகற்றுவது என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். விளங்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

• மனச்சாட்சி உறுத்தினால் நம்பிக்கையான குருவானவரிடமோ அருட்சகோதரியிடமோ முழு நிலையையும் சொல்லுங்கள். கணவனோடும் கதைக்கும்படி கேளுங்கள்.

• அடித்தோ பயமுறுத்தியோ வற்புறுத்தினால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது 12 மாதம்வரை செல்லும். தீவகத்தவர்களுக்கு ஊர்காவற்றுறை நீதிமன்றம் உண்டு. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இதையெல்லாம் அன்று முழுமையாகச் சொல்ல நேரம் இருக்கவில்லை. "பாவமில்லை தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப இதை இவருக்கும் ஆராவது சொல்லவேணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. இதை நாம் எமக்குள் கதைத்தால் மட்டும் போதாது. வரும் ஞாயிறு பூசை முடிந்தபின் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்: ஆண்களுக்கென்று ஒரு கூட்டம் வைப்பீர்களா, சுவாமி?