பழைய மடிக்கணினிக்குப் புது வேகம்

பாகூர் ஏரி நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாசன வாய்க்காலும் அகலமானதுதான். ஆனால் மதகு மட்டும் ஒரு சாண் அளவே திறந்திருக்கிறது. கடைமடை வயலுக்கு நீர் எப்படிப் போய்ச் சேரும்? வாய்க்காலை இன்னும் அகலமாக வெட்டினால் பயன் உண்டா? மதகைத் திறந்தால்தானே நீர் பாயும்! பழைய கணிப்பொறியின் வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர் முதலில் மதகு எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் ஒரு நாள் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். கடலூர் மாவட்டத்தில் படித்த அவருடைய அத்தை மகள் கொடுத்தது அது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த பொறி அது. நினைவகம் 2 ஜி.பி., வன்தட்டு 320 ஜி.பி. பிற்பாடு யாரோ அதில் விண்டோஸ் 10 ஏற்றியிருந்தார்கள். பொத்தானை அமுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தோம். வேலைக்குத் தயாராக நான்கு நிமிடம் ஆயிற்று.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள், சார். அப்பாவால் இப்போது முடியாது" என்றார் மாணவர்.

மூவர் செய்யும் வேலை

கணிப்பொறிக்குள் முக்கியமாக மூவர் சேர்ந்து உழைக்கிறார்கள். கணக்குப் போடுபவர் செயலி. அப்போதைய வேலைக்கு வேண்டியவற்றைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை, ரேம் எனப்படும் நினைவகம். எல்லாவற்றையும் நிலையாகச் சேமித்து வைக்கும் அலமாரி, வன்தட்டு. மின்சாரம் நின்றால் மேசை காலியாகிவிடும். அலமாரியில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இந்த வன்தட்டு ஓர் இயந்திரம். காந்தப் பூச்சுப் பூசிய தட்டு சுழல, அதன்மேல் ஒரு சிறு கரம் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. 1956ல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. தட்டு இன்று சிறுத்துவிட்டது. சுழலும் முறை மாறவில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? மடிக்கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேடும் தகவல் கரத்தின் அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 5.5 மில்லி வினாடி ஆகும். கரம் உரிய தடத்துக்கு நகர இன்னும் 12 மில்லி வினாடி. ஆக மொத்தம் சுமார் 18 மில்லி வினாடி. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரந்தானே என்கிறீர்களா? நினைவகத்துக்கு இந்த வேலைக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 100 நானோ வினாடி! நினைவகத்தின் நேரத்தை ஒரு வினாடி என்று கொண்டால், வன்தட்டின் நேரம் 50 மணி. கையெட்டும் மேசையில் இல்லாத ஒரு தாளுக்காகச் செயலி இரண்டு நாள் கைகட்டி நிற்கிறது என்று பொருள்.

மேசை சிறியதானால் துன்பம் இரட்டிப்பாகும். நினைவகத்தில் இடம் போதாதபோது கணிப்பொறி வன்தட்டின் ஒரு பகுதியையே மேசையாகப் பயன்படுத்தும். 2 ஜி.பி. பொறிக்கு நேர்ந்தது இதுதான். 'டாஸ்க் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து பார்த்தோம். செயலி கால்பங்குகூட உழைக்கவில்லை. வன்தட்டோ 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. மதகு அகப்பட்டுவிட்டது!

எங்கே செலவிடுவது?

ஒரு வேலைக்கு 100 வினாடி ஆகிறது; அதில் 80 வினாடி வன்தட்டிலும் 20 வினாடி செயலியிலும் கழிகின்றன என்று கொள்வோம். செயலியின் வேகத்தை இருமடங்காக்கினால் மொத்த நேரம் 90 வினாடி. வன்தட்டுக்குப் பதில் பத்து மடங்கு விரைவான ஒன்றைப் பொருத்தினால் 28 வினாடி. இந்தக் கணக்கின் அடிப்படையை 1967ல் எடுத்துக்காட்டியவர் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கப் பொறியாளர்.

வன்தட்டின் இடத்துக்கு ஏற்றது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். இதில் சுழலுவதும் இல்லை, நகருவதும் இல்லை. மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த நுண்ணிய சிறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்துத் தகவலைக் காக்கிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1984ல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே இதன் மூலம். தகவலைத் தேட ஆகும் நேரம் ஏறத்தாழ 0.1 மில்லி வினாடி. நம் ஒப்புமைக் கணக்கில், 50 மணி நேரக் காத்திருப்பு 17 நிமிடமாகச் சுருங்கிவிடும்.

மாணவரின் பொறியில் மூன்று மாற்றங்கள் செய்தோம். வன்தட்டை எடுத்து எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கினோம். விசிறியில் படிந்திருந்த தூசியை நீக்கி, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தோம். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பவே இப்பசை. சூடு மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால், எளிய லினக்ஸ் ஒன்றை ஏற்றினோம். அதற்குக் கட்டணம் இல்லை.

மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தோம். 35 வினாடி! ஆன செலவு புதிய மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் ஒன்று: செயலி பழையதுதான். பாடம் படிக்க, எழுத, நிரல் பழகப் போதும். காணொளி தொகுக்கும் வேலையில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கவனம் தேவை

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் ஆசிரியரோ அனுபவமுள்ளவரோ உடனிருக்கட்டும். முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். மின்னிணைப்பைத் துண்டித்து, பேட்டரியை எடுத்துவிடுங்கள். அது உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் பிறகு உள்ளே கை வையுங்கள். டி.டி.ஆர். 3 நினைவகம் கேட்கும் பொறியில் டி.டி.ஆர். 4 பொருந்தாது. எந்த வகை, எவ்வளவு ஏற்கும் என்று பார்த்தபின் வாங்குங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று தூங்குகிறதா? காசை எடுப்பதற்கு முன் கடிகாரத்தை எடுங்கள். தயாராக எத்தனை வினாடி, செயலி எத்தனை விழுக்காடு, வன்தட்டு எத்தனை விழுக்காடு என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மதகு எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவை சொல்லிவிடும்.